சின்ன மேடம் தேர்ச்சி பெறுவதற்கான விதிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. எழுதச் சொன்னது என் அக்கா. உங்கள் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியையாக இருப்பவள் அவள்தான். மாடிப்படிக்கு அடியில், பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த இடத்தைத் தடுத்து ஓர் அறை கொடுத்திருக்கிறார்களே, அங்கே உட்கார்ந்திருப்பவள். பள்ளியிறுதித் தேர்ச்சிக்கு எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் வேண்டும், கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலில் காலை ஆட்டாமல் எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவது அவள் வேலை.

இதையெல்லாம் விளக்கி வருடாவருடம் ஒரு கையேடு போடுகிறார்கள். நீங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. வெயில் காலத்தில் விசிறிக்கொள்கிறீர்கள், ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கிறீர்கள். பிறகு அக்காவின் கதவைத் தட்டி, "மேடம், ஒரே ஒரு சந்தேகம்" என்கிறீர்கள். அது ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"டேய், உன் கதைய யாரும் படிக்கிறதில்ல. என் கையேட்டையும் யாரும் படிக்கிறதில்ல. ரெண்டையும் ஒண்ணா சேர்த்துட்டா என்ன?"

"யாரும் படிக்காதது இன்னும் கொஞ்சம் தடியாகும்," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காப்பியை ஆறவிட்டு, ஆறியதை அப்படியே வைத்துவிட்டு, ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னாள். கதை அங்கேதான் பிறந்தது. கையேடு ஒரு சாக்கு.

மறுநாள் தலைமை ஆசிரியர் தொலைபேசியில் மூன்று நிபந்தனைகள் சொன்னார். தேர்ச்சி விதிகள் எல்லாம் கதையில் வர வேண்டும். கதையில் யாரும் ஃபெயில் ஆகக்கூடாது. காதல் கூடாது. மூன்றாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். இரண்டாவதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "அந்த இளங்காலைப் பொழுதில், கனவுகள் சுமந்த கண்களோடு அவள் பள்ளியின் வாசலை—"

(விட்டுவிட்டேன். பள்ளிக்கு யாரும் கனவு சுமந்த கண்களோடு வருவதில்லை. பீளையோடு வருகிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "தேர்ச்சிக்குத் தேவையானவை: மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் எல்லா வருடமும், உடற்பயிற்சி, கலைப் பாடம் ஒன்று, பொதுச் சேவை, இவற்றோடு கடைசி வருடம் கல்லூரி ஆயத்த வகுப்பு—"

(இது கதையே இல்லை. ஆனால் தலைமை ஆசிரியரின் முதல் நிபந்தனை இதோடு தீர்ந்துவிடுகிறது என்பதால் அடிக்காமல் வைத்திருக்கிறேன். விரிவான விதிகள் இந்தக் கையேட்டின் முன்பக்கங்களில் இருக்கின்றன. கடைசியில் இருக்கும் வகுப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டபின் வழிகாட்டியின் அறையில் நடக்கும் வகுப்பு அது. கதை அதில்தான் போய் மாட்டிக்கொள்ளப் போகிறது.)

மூன்றாம் தொடக்கம்: "வழிகாட்டியின் அறையில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது."

இது நிற்கிறது. இனி கதைக்குள் என் அக்காவை 'வழிகாட்டி' என்றே எழுதுவேன். தள்ளி நின்று பார்க்க அது வசதி. அவள் அக்காவாகப் பேசுவது பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் வரும்.

3

வழிகாட்டியின் அறையில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. ஒரு பக்கம் வழிகாட்டி உட்காருவாள். எதிர்ப்பக்கம் மாணவர்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். மேசை சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்ததால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு, அலமாரியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை, ஒரு பெண்ணைத் தவிர.

அந்தப் பெண்ணை எல்லோரும் 'சின்ன மேடம்' என்று கூப்பிட்டார்கள். கடைசி வருட மாணவி. நெட்டை. எழுதாத நேரத்தில் பென்சிலைக் காதில் செருகியிருப்பாள். பள்ளியில் சேர்ந்த முதல் வருடமே ஏதோ சந்தேகம் கேட்க அந்த அறைக்கு வந்தவள், வழிகாட்டி வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்ததால் காத்திருந்த நேரத்தில் கையேட்டை முழுவதும் படித்துவிட்டாள். அந்தக் கையேட்டின் சரித்திரத்தில் அது முதல்முறை. பக்கத்தில் இருந்தவன் கேட்ட சந்தேகத்துக்கு அவளே பதிலும் சொன்னாள். பதில் சரியாக இருந்தது. வழிகாட்டி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, "இந்தப் பக்கம் வா" என்றாள். அன்றிலிருந்து அவள் மேசைக்கு இந்தப் பக்கத்து ஆள்.

விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது, தன்னைப் பற்றிய கட்டுரையில் 'சிறு வயது முதலே' என்று ஏன் ஆரம்பிக்கக்கூடாது, உடற்பயிற்சிக்குப் பதில் இசைக்குழுவை ஏன் காட்ட முடியாது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அறையிலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் முதலில் சன்னலோரத் தட்டில் அவளுக்காக வைக்கப்படும். அவள் பென்சிலால் பிழை திருத்தி, அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதினால்தான் நகலெடுப்பார்கள். தலைமை ஆசிரியரின் ஆண்டு விழாப் பேச்சும் அந்தத் தட்டு வழியாகத்தான் போனது. பாதியாகத் திரும்பி வந்தது.

பரீட்சை நெருங்கும்போது யாராவது அறைக்கு வந்து, "பயமா இருக்கு" என்பார்கள். சின்ன மேடம் தலையைக்கூட நிமிர்த்தமாட்டாள்.

"பயத்துக்கு கிரெடிட் கிடையாது. உட்காரு."

வந்தவர்கள் சிரித்துவிட்டு உட்காருவார்கள்.

(இதுவரை மட்டும் படித்துப் பார்த்த தலைமை ஆசிரியர் இந்த இடத்தில் கருத்து எழுதியிருந்தார்: "பாத்திரம் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. மாணவர்கள் நம்பமாட்டார்கள். ஏதாவது ஒரு குறை கொடுக்கவும்." எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "அவளுக்குக் குறையா? பசிச்சா எரிஞ்சு விழுவா. அப்புறம், எதையும் தனக்குன்னு கேக்கமாட்டா," என்றாள். கடைசியாகச் சொன்னதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள்.)

4

கடைசிப் பருவத்தில், தேர்ச்சிக்கு எல்லாம் நிறைந்திருக்கிறதா என்று வழிகாட்டி ஒவ்வொருவரின் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். மற்றப் பாடங்களில் குறை இருந்தால் நடுவிலேயே எச்சரிக்கை வந்துவிடும். ஆயத்த வகுப்புக்கு மட்டும் வருட முடிவில்தான் கிரெடிட் ஏறும். அதனால் எச்சரிக்கை வராது.

சின்ன மேடத்தின் கணக்கை வழிகாட்டி ஆசைக்காகத்தான் திறந்தாள். சரிபார்ப்பதற்கு அதில் என்ன இருக்கப்போகிறது? மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல், உடற்பயிற்சி, கலை, சேவை எல்லாம் நிறைந்து கிடந்தது. கல்லூரி ஆயத்த வகுப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"கணினியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக—"

(இப்படித்தான் முதலில் எழுதினேன். அக்கா அந்த வரியின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்: "கணினி மேல் பழி போடாதே. அது சொன்னதைச் செய்தது.")

நடந்தது இதுதான். வருட ஆரம்பத்தில் வகுப்பில் சேருபவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் சுற்றுக்கு விடப்பட்டது. சுற்றுக்கு விட்டவள் சின்ன மேடம். விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். தாள் திரும்பி வந்ததும் வழிகாட்டி மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த தலைகளை எண்ணினாள். கையெழுத்துகளை எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போயின. வகுப்பு நடந்த ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிட்டு வருகை குறித்ததும் சின்ன மேடம்தான். தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. மேடம் எங்கேயாவது சேர்த்திருப்பார் என்று நினைத்திருப்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளைச் சேர்க்க வேண்டும் என்று மேடத்துக்கும் தோன்றவில்லை.

அந்த வகுப்பில் பாதியை நடத்தியது சின்ன மேடம். சட்டப்படி அவள் அந்த வகுப்புக்கு ஒருநாளும் வரவில்லை.

வழிகாட்டி கணினியை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். வெறுமை அப்படியே இருந்தது. அழுதாள்.

(அக்கா: "அழல. சளி.")

5

விலக்கு கேட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால், விலக்குப் பற்றிய விதியை எழுதியதே வழிகாட்டி.

சில வருடங்களுக்கு முன் ஆயத்த வகுப்பு விருப்பப் பாடமாக இருந்தது. விருப்பம் யாருக்கும் இருக்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் ஒரே ஒரு மாணவர் வந்தார், அவரும் மழைக்கு ஒதுங்கியவர். வழிகாட்டி தலைமை ஆசிரியரோடு மல்லுக்கு நின்று அதைக் கட்டாயமாக்கினாள். விதிகளைத் தன் கையாலேயே எழுதினாள். 'ஒரே மாணவர் இருந்தாலும் வகுப்பு நடத்தப்படும். நேரம் குறையாது' என்றது ஒரு விதி. 'எக்காரணம் கொண்டும் விலக்கு இல்லை' என்றது அடுத்தது. எழுதியபோது அவளுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

போன வருடம் பள்ளி அணியின் கோல்கீப்பர் இந்த வகுப்புக்குச் சரியாக வரவில்லை. போட்டி, பயிற்சி, முழங்கால் வீக்கம். கடைசியில் வந்து விலக்குக் கேட்டான். வழிகாட்டி விதியைக் காட்டினாள். அவனுக்குக் கிடைத்திருந்த கல்லூரி இடம் போயிற்று. இப்போது பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறான். வழிகாட்டி வண்டிக்குப் பெட்ரோல் போடுவது அங்கேதான். வேறு நிலையம் தூரம். இந்த வருடம் அவன் வேலைச் சீருடையோடு சாயங்கால வகுப்புக்கு வந்து, எதிர்ப்பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, ஒருநாளும் தவறாமல் முடித்துவிட்டான். சின்ன மேடம் அவன் பெயரைக் கூப்பிடுவாள், அவன் கையைத் தூக்குவான். கையில் பெட்ரோல் வாசம் இருக்கும்.

அவனுக்கு இல்லாத விலக்கை இவளுக்கு எந்த முகத்தோடு கேட்பது?

(அக்கா: "இதுக்கு மேல எதையும் விளக்காத. புரியும்.")

6

இந்தப் பகுதியை முதலில் எழுதவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். அக்காதான் எழுது என்றாள்.

சின்ன மேடத்தின் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பார், பிறகுதான் முகம். வழிகாட்டி அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்த மறுநாள் அவர் பள்ளிக்கு வந்தார். மகளுக்கு இன்னோர் ஊரில் நிலவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் உரிய தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நன்றி சொல்ல வந்திருந்தார்.

"மேடம், கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. கழட்டுங்க."

"பரவாயில்லைங்க—"

"அட, கொடுங்க மேடம். ஒரு நிமிஷ வேலை."

வழிகாட்டி கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே இருப்பவர் புகை மாதிரிதான் தெரிவார். அந்தப் புகை கைப்பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, ஃபிரேமைத் திருகிக்கொண்டே பேசியது.

"கடையில லீவு சொல்லிட்டேன் மேடம். நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, அந்த ஊர்ல ரெண்டு நாள் தங்கிட்டு வரலாம்னு. இவ வேண்டாங்கறா. நான் கேக்கப் போறதில்ல. நான் எந்த ஊருக்குங்க போயிருக்கேன்?"

"போயிட்டு வாங்க," என்றாள் வழிகாட்டி.

"உங்க பக்கத்துலயே உக்கார வச்சுப் பாத்துக்கிட்டீங்க. நீங்க இல்லேன்னா இவ இப்படி வந்திருக்கவே மாட்டா."

அது எப்படிப் பார்த்தாலும் உண்மைதான். சொல்லிவிட வேண்டும் என்று வழிகாட்டி வாயைத் திறந்தாள். அம்மா கண்ணாடியை அவள் மூக்கின்மேல் வைத்து, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

"இப்போ சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

அன்று சாயங்காலமும் வழிகாட்டி சின்ன மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய், கையேட்டுக்கு ஒரு கதை வேண்டும் என்றாள்.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. வழிகாட்டி வருகைப் பதிவை எடுக்கிறாள். ஒவ்வொரு நாளின் அடியிலும் ஒரு பெயரைச் சேர்க்கிறாள். பேனா மாற்றிப் போடும் அளவுக்குக் கவனமாக இருக்கிறாள். யாருக்கும் தெரியாது. ஒருவாரம் கழித்துப் பெட்ரோல் நிலையத்தில் கோல்கீப்பர் அவள் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அடுத்த வருஷம் நான் காலேஜ்ல இருப்பேன் மேடம்" என்கிறான். அவள் சில்லறை வாங்காமல் கிளம்புகிறாள்.

(அக்கா: "வண்டிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதினால் உன்னோடு பேசமாட்டேன்." எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

ஆ. தலைமை ஆசிரியர் மூக்கைச் சொறிந்துகொண்டே விதியைப் படிக்கிறார். "இத எழுதுனது நீங்கதானே?" என்கிறார். "ஆமா சார்." அவர் பெருமூச்சு விட்டு, விலக்கில் கையெழுத்துப் போடுகிறார். சன்னல் வழியாக ஒரு பறவை—

(பறவையை விட்டுவிட்டேன். கையெழுத்து இருக்கிறது.)

இ. சின்ன மேடம் இந்த வருடம் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த வருடம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பை முடிக்கிறாள். பிற்காலத்தில் பெரிய நிலவியல் அறிஞராகி ஒரு பேட்டியில், "அந்தத் தோல்விதான் எனக்கு—"

(இதைத் தொடர எனக்கே வெட்கமாக இருந்தது. தலைமை ஆசிரியரின் இரண்டாவது நிபந்தனையும் உடைகிறது.)

எந்த முடிவு நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

8

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போனது.

அந்த அறையிலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் முதலில் சன்னலோரத் தட்டில் வைக்கப்படும் என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருந்தேன் அல்லவா? நீங்கள் இதுவரை படித்த ஏழு பகுதிகளும் அந்தத் தட்டில் வைக்கப்பட்டன.

மறந்துபோய், பழக்கதோஷத்தில் வைத்துவிட்டதாக அக்கா சொன்னாள். இருக்கலாம். வாயால் சொல்ல முடியாததைத் தட்டில் வைத்திருக்கவும் கூடும். நான் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சளி என்றுதான் சொல்லியிருப்பாள்.

தாள்கள் மறுநாள் அதே தட்டுக்குத் திரும்பி வந்தன, வழக்கம்போலப் பென்சில் திருத்தங்களோடு. அப்படியே தருகிறேன்.

மூன்றாம் பகுதியில்: "பசித்தால் எரிந்து விழுவது எல்லோருக்கும் உள்ளது. குறையாகக் காட்ட வேண்டாம்."

முடிவு அ-வுக்குப் பக்கத்தில்: "முடிந்துபோன நாட்களின் வருகையைப் பின்னால் சேர்க்க முடியாது. தவிர, இந்த வழிகாட்டி அதைச் செய்யமாட்டார். பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை."

முடிவு ஆ-வுக்குப் பக்கத்தில்: "விலக்கு இல்லை. விதி தெளிவாக இருக்கிறது. மாணவிக்கு மட்டும் கொடுத்தால் கோல்கீப்பர் என்ன நினைப்பார்?"

முடிவு இ-க்குப் பக்கத்தில்: "கல்லூரி அடுத்த வருடம்வரை இடத்தை வைத்திருக்காது. அம்மா லீவு சொல்லிவிட்டார்."

மற்ற எல்லா இடத்திலும் 'மாணவி' என்றே எழுதியிருந்தாள். இந்த ஒரு வரியில்தான் 'மாணவியின் அம்மா' என்று எழுத மறந்திருந்தாள். பென்சில் அந்த இடத்தில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

கடைசித் தாளின் அடியில் 'அச்சிடலாம்' என்று இல்லை. இப்படி இருந்தது:

"இந்த மாணவிக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? கதையில் எங்கேயும் இல்லை. யாராவது நேரில் சொல்ல வேண்டும். அதுவரை அச்சிட வேண்டாம்."

நான் பல வருடங்களாகக் கதை எழுதுகிறேன். என் கதையில் இருக்கும் ஓட்டையை இத்தனை மரியாதையாக யாரும் காட்டியதில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்தத் தாளை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன்.

9

இந்தப் பகுதிக்கு நான் சாட்சி இல்லை. அக்கா சொன்னபடி எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வழிகாட்டி முதலில் தலைமை ஆசிரியரிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். விலக்கு வேண்டாம் என்றாள். புதிதாக ஒரு வகுப்புத் தொடங்க வேண்டும் என்றாள்.

"வருஷம் முடியிற நேரத்துலயா? யாருக்கு?"

"ஒரே ஒரு ஆளுக்கு. ஒருத்தர் இருந்தாலும் வகுப்பு நடத்தலாம்னு விதி இருக்கு சார். காலைல மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, மதியச் சாப்பாட்டு நேரத்துல, சாயங்காலம் வாட்ச்மேன் கதவைப் பூட்டுற வரைக்கும் நடத்தினா, கடைசித் தேதிக்குள்ள முழு நேரமும் வந்துடும். ஒருநாள்கூடத் தவறக்கூடாது. அவ்வளவுதான்."

"வருஷக் கடைசில வகுப்புத் தொடங்கக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல சார். நான்தானே எழுதுனேன்."

தலைமை ஆசிரியர் மூக்கைச் சொறிந்துகொண்டார். (இது நிஜமாகவே செய்தாராம். நான் ஊகித்து எழுதியது பலித்துவிட்டது.) பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?" என்றார்.

"இப்போதான் போறேன்."

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறைக்கு அவள் வந்தபோது, சின்ன மேடம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து இரண்டு மாணவர்களுக்குக் கலைப் பாடத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. வழிகாட்டி அந்த இருவரையும் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நான் உன்னை வகுப்புல சேர்க்கவே இல்ல. வருஷம் பூரா பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, சேர்க்கல. தப்பு என்னோடது. தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும், அதுவும் செய்யல. அதுவும் என் தப்புதான்."

சின்ன மேடம் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நானும் கேக்கல மேடம்."

"நீ கேக்க வேண்டியதில்ல. அது என் வேலை."

பிறகு வழிகாட்டி புது வகுப்பைப் பற்றிச் சொன்னாள். காலை, மதியம், சாயங்காலம். சின்ன மேடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள் போல, "மிச்சமே இல்லையே மேடம்," என்றாள். "ஒரு மணி நேரம் போனாக்கூட அவ்வளவுதான்."

"ஆமா. சரி, எழுந்திரு. அந்தப் பக்கம் போ."

சின்ன மேடம் எழுந்தாள். வயிற்றை எக்கிக்கொண்டு, அலமாரியை உரசிக்கொண்டு, மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனாள். ஆனால் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அறை வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு."

இதற்கான பதில் வழிகாட்டிக்குத் தெரியும். அந்த அறையில் நூறு தடவை கேட்ட பதில். அதில் முதல் பாதியை விட்டுவிட்டாள்.

"உட்காரு," என்றாள்.

அவள் உட்கார்ந்தாள். வழிகாட்டி வருகைப் பதிவில் புதுப் பக்கம் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, சின்ன மேடத்தின் பெயரை முழுவதுமாக எழுதினாள். எழுதியபின், எதிரே ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாலும், முறைப்படி சத்தமாகக் கூப்பிட்டாள்.

"உள்ளேன் மேடம்," என்றாள் சின்ன மேடம். அப்போதுதான் அழுதாளாம்.

(அக்கா: "ரெண்டு பேருமே. போட்டுக்கோ.")

10

தலைமை ஆசிரியருக்கு இன்று மாலைக்குள் முடிவு வேண்டும். நாளைக் காலை நகலெடுத்து வகுப்பு வகுப்பாகக் கொடுக்கப் போகிறார்கள். ஒன்பதாம் பகுதிவரையான தாள்களும் சன்னலோரத் தட்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டன. சின்ன மேடம் இரண்டு இடத்தில் ஒற்றெழுத்தைத் திருத்தி, அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே சின்னதாக, "முடிவு இல்லையே?" என்றும் எழுதியிருக்கிறாள்.

இல்லைதான். நான் எழுதப் போவதும் இல்லை. ஏனென்றால் அது என் கையில் இல்லை. அக்கா கையிலும் இல்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது மாடிப்படிக்கு அடியில் அந்த வகுப்பு நடந்துகொண்டிருக்கும். காலையில் மணி அடிக்கும்முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாயங்காலம் வாட்ச்மேன் பூட்டும்வரை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஓர் அம்மா தன் லீவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அந்த அறையின் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தாழ் போட்டிருக்காது. எப்போது தட்டினாலும் அக்கா எழுந்து வருவாள். அவளுக்கு அது வேலை, தட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கம் இல்லை. கலைப் பாடத்துக்குப் பதில் வேறு காட்டலாமா, பொதுச் சேவையை விடுமுறையில் செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் நின்று பொறுமையாக விளக்குவாள். அதுவரை உள்ளே ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் வகுப்புக் கணக்கில் சேராது. விட்டுக்கொடுக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் சந்தேகத்துக்கான பதில் இந்தக் கையேட்டின் முன்பக்கங்களில் இருக்கிறது. தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பிழை இல்லாமலும் இருக்கிறது, யார் திருத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

கதவைத் தட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.